நாவுலவின் இரவும் ஒரு நீலப் பூவும்

நுவரெலியாவிலிருந்து நாவுல நேர்கோட்டில் எண்பது கிலோமீற்றர் சொச்சம்தான். லொபீலியாவுக்கோ அது வேற்று நாடு. மலையில் சாடியின் விளிம்பைத் தாண்டி ஒரு சாணுக்கு மேல் வழிந்து, நீலமும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துத் தள்ளும் இந்தச் செடியை நாவுலவில் ஒரு வீட்டு விறாந்தையில் மாட்டினால், சில வாரங்களில் பூ நின்றுவிடும். தண்டு நீளும், அடியிலை பழுக்கும், நடுவில் சொட்டை விழும். வளர்ப்பவர் வெயிலைத் திட்டுவார், தண்ணீரைக் கூட்டுவார். அதற்குப் பிறகு வேர் அழுகும்.

வெயிலுக்கும் இதில் பங்குண்டுதான். ஆனாலும் முதல் பழியை வெயில்மேல் போடுவது சரியில்லை என்பேன். நாவுலவில் லொபீலியாவைச் சாய்ப்பது இரவு. அந்த இரவு செடியை இரண்டு வழிகளில் பாதிக்கிறது: ஒன்று அதன் வெம்மை, மற்றது அதன் நீளம்.

வெம்மையிலிருந்து தொடங்குவோம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டி - யாழ்ப்பாணம் ஏ9 வீதியில் மாத்தளையைத் தாண்டி, நாலந்தாவைக் கடந்து, தம்புள்ளையை நோக்கி இறங்கும் வழியில் நாவுல. மாத்தளை நகரமே 364 மீற்றர்தான். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும் என்பது வானிலையாளர் கணக்கு. அப்படிப் பார்த்தால் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில் பத்துப் பாகை வித்தியாசம். நுவரெலியாவில் பல மாதங்களில் இரவு 10 முதல் 13 பாகை செல்சியஸ் வரை இறங்கும். நாவுலவில் வருடத்தின் பெரும்பகுதி இரவுகள் இருபதுக்கு மேலேயே நிற்கும். மார்கழி, தை மாதங்களில் மட்டும் இருபதை ஒட்டி வரும்.

பத்துப் பாகை என்பது செடிக்குச் சின்ன விஷயமில்லை. பகலில் இலை ஒளியைக் கொண்டு சர்க்கரை செய்கிறது. இரவில் செய்வதில்லை, ஆனால் சுவாசிப்பது நிற்காது. பகலில் சேர்த்த சர்க்கரையின் ஒரு பகுதி இரவுச் சுவாசத்தில் எரிந்துபோகும். வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் இந்தச் சுவாசம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நுவரெலியாவில் ஓர் இரவுக்கு ஆகும் செலவு நாவுலவில் இரண்டு மடங்கு. வரவாவது கூடுகிறதா? அதுவும் இல்லை. குளிர்ப் பருவத்துக்குப் பழகிய செடிகளில் முப்பது பாகைக்கு மேல் ஒளிச்சேர்க்கையே மந்தமாகும். காபனீரொட்சைட்டைப் பிடிக்க வேண்டிய நொதியம் ஒட்சிசனை அதிகமாகப் பிடிக்கத் தொடங்கி, செய்த வேலையில் ஒரு பங்கை வீணாக்குகிறது. வரவு குறைந்து செலவு கூடிய செடி முதலில் கைவிடுவது பூவைத்தான். இலையும் வேரும் உயிர் வாழத் தேவை. பூ அடுத்த தலைமுறைக்கானது, அது காத்திருக்கலாம்.

சாடிகளில் தொங்கும் இந்த லொபீலியா ஆபிரிக்காவின் தென்பகுதிக்குச் சொந்தமானது. லின்னேயஸ் 1753 இல் இதற்குப் பெயரிட்டார். ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கைக்கு வந்த பிறகு இரண்டு வடிவங்கள் நிலைத்தன. பாத்தி ஓரத்துக்கான குட்டைச் செடி ஒன்று, சாடியிலிருந்து வழியும் செடி மற்றது. ‘கிறிஸ்டல் பலஸ்’ முதல் வகை, ‘கஸ்கேட்’ இரண்டாவது வகை. விதைப் பொட்டலம் வாங்கும்போது இதைப் பார்க்காமல் குட்டை வகையைத் தொங்கவிட்டு, ஏன் வழியவில்லை என்று கேட்பவர்கள் உண்டு.

இதே லொபீலியா இனத்தில் இரவோடு வேறு விதமாகப் போராடும் உறவினர்களும் இருக்கிறார்கள். கென்யா மலையில் நாலாயிரம் மீற்றர் உயரத்தில் வளரும் இராட்சத லொபீலியாக்களுக்கு நள்ளிரவில் உறைபனி, நண்பகலில் சுடுவெயில். இருட்டியதும் அவை இலைக்கொத்தை உள்நோக்கி மூடி நடுக்குருத்தைக் காக்கின்றன. சிலவற்றில் இலைக்கொத்துக்குள் நீர் தேங்கி நிற்கும். மேல்நீர் உறைந்தாலும் அடியிலுள்ள நீர் உறையாமல், குருத்து பிழைக்கும். குளிர் இரவுக்கு இவ்வளவு ஆயத்தம் செய்துகொண்ட இந்த இனத்தில், நம் சாடிக்கு வந்து சேர்ந்த செடிக்கு வெம்மையான இரவைச் சமாளிக்க எந்த ஏற்பாடும் இல்லை.

இனி இரவின் நீளம். மருளூமத்தையை நம்மூர்ப் பாதையோரங்களில் பார்த்திருப்பீர்கள், முள்ளுக்காய் வேட்டியில் ஒட்டும் களை. 1938 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கார்ல் ஹாம்னரும் ஜேம்ஸ் பொன்னரும் அதை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நீண்ட இரவு கிடைத்தால் பூக்கும் செடி அது. அந்த நீண்ட இரவின் நடுவில் சிறிது நேரம் வெளிச்சம் காட்டினார்கள். பூக்கவில்லை. பகலின் நடுவில் சிறிது நேரம் இருட்டாக்கியபோது எந்த மாற்றமும் இல்லை. பகல் நீளத்தை அளக்கிறது என்று எண்ணியிருந்த செடி உண்மையில் அளந்தது இடைமுறியாத இருட்டை.

லொபீலியா மருளூமத்தைக்கு எதிர்ப் பக்கம். தோட்டக்கலை ஆய்வாளர்கள் அதை நீண்ட பகல் தாவரம் என்று வகைப்படுத்துகிறார்கள். அதாவது, குறுகிய இரவு வந்தால்தான் அது முழு மூச்சாகப் பூக்கும். தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் கோடை உச்சத்தில் பகல் பதினான்கு மணித்தியாலத்துக்கு மேல், லண்டனில் பதினாறரைக்கும் மேல். நாவுலவிலோ ஆண்டின் மிக நீண்ட பகலே ஏறக்குறைய 12 மணி 35 நிமிடம்தான், மிகக் குறுகியது 11 மணி 40 நிமிடம் அளவு. நிலநடுக்கோட்டுக்கு எட்டுப் பாகைக்குள் இருக்கும் ஊரில் ஆண்டு முழுதும் நீண்ட இரவுதான்.

நுவரெலியாவிலும் இதே பகல்தானே, அங்கே எப்படிப் பூக்கிறது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. லொபீலியா வகைகள் எல்லாம் ஒரே அளவு கண்டிப்பானவை அல்ல. குறுகிய பகலிலும் தாமதமாகவாவது பூக்கும் வகைகள் உண்டு. குளிர்ந்த மலையில் ஒரு மாதம் தாமதித்தால் எதுவும் கெட்டுப்போகாது, செடி உயிரோடு காத்திருக்கும். நாவுலவில் குளிர்ந்த மாதங்களே இரண்டு மூன்றுதான். அதில் ஒரு மாதம் மொட்டுக்காகக் காத்திருந்தால் பூ வரும் நேரத்தில் பங்குனி வெக்கை வந்துவிடும்.

இதற்கு ஒரு மலிவான வழி இருக்கிறது. இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை சாடிக்கு மேலே ஒரு மின்குமிழ். நூறு லக்ஸ் அளவு, அதாவது புத்தகம் வாசிக்கக் கொஞ்சம் சிரமப்படும் மங்கல் வெளிச்சம், போதும். வெண்மை அடிக்கும் குமிழைவிடச் சற்று மஞ்சள் சாய்ந்த எல்ஈடி நல்லது, அதில் சிவப்பு ஒளி கூடுதல். நீண்ட இரவு இரண்டு குறுகிய இரவுகளாக முறிகிறது. ஓசூரிலும் நீலகிரியிலும் பசுமைக்குடிலில் சாமந்தி வளர்ப்பவர்கள் இதே வேலையைச் செய்கிறார்கள், ஆனால் பூவைத் தள்ளிப்போட. சாமந்தி மருளூமத்தையின் கட்சி. விறாந்தை விளக்கை அணைக்க மறக்கும் வீட்டில் லொபீலியா நன்றாகப் பூத்தால் கைராசி என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இருட்டை அளக்கும் அந்த நிறப்பொருளின் பெயர் பைற்றோகுரோம். சிவப்பு ஒளி பட்டால் ஒரு வடிவம், சிவப்புக்கு அப்பாலுள்ள ஒளி பட்டால் மறு வடிவம். விதையிலும் அதே பொருள்தான் வேலை செய்கிறது. 1952 இல் அமெரிக்காவின் பெல்ற்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் ஹாரி போர்த்விக்கும் ஸ்டெர்லிங் ஹென்ரிக்ஸும் சக ஆய்வாளர்களும் சலாது விதைகளுக்குச் சிவப்பு ஒளியையும் சேய்ச்சிவப்பு ஒளியையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கடைசியாக எது காட்டப்பட்டதோ அதன்படியே விதை முளைத்தது அல்லது தூங்கியது.

லொபீலியா விதைக்கு வெளிச்சம் தேவைப்படுவதன் நியாயம் அதன் அளவில் இருக்கிறது. ஒரு கிராமில் முப்பதாயிரம் விதை அளவில் அடங்கும். அவ்வளவு சிறிய விதைக்குள் சேமிப்பு என்று எதுவும் இல்லாத குறை. அரை அங்குல மண்ணுக்குள் முளைத்தால் மேலே வந்து சேருமுன் சேமிப்புத் தீர்ந்துவிடும். ஆகவே, வெளிச்சம் பட்டால் மட்டும் முளைப்பது என்ற ஏற்பாடு. நடைமுறையில் இதன் பொருள், விதையை மண்ணால் மூடக்கூடாது. சலித்த தும்புத்தூளும் மணலும் கலந்த தட்டை முதலில் நனைத்து, காய்ந்த மணலோடு கலந்த விதையை மேலே தூவி, கண்ணாடித் தகட்டால் அல்லது பொலித்தீனால் மூடி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வைக்க வேண்டும். பூவாளியால் ஊற்றினால் விதைகள் ஒரு மூலைக்கு ஓடிவிடும், தட்டை நீரில் நிறுத்தி அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள். இருபது முதல் இருபத்தைந்து பாகைக்குள் இரண்டு மூன்று வாரங்களில் பச்சை தெரியும். தெரிந்த அன்றே மூடியை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் நாற்றழுகல் பூஞ்சணம் ஒரே இரவில் தட்டையே படுக்க வைத்துவிடும். ஒற்றை நாற்றாகப் பிரிக்க முயல்வது வீண் வேலை. ஐந்தாறு நாற்றுகளைச் சிறு கொத்தாகவே தூக்கி நடுவதுதான் வழக்கம்.

சாடிக்கு வருவோம். தரையில் நிற்கும் செடிக்குச் சுற்றிலும் மண். தொங்கும் சாடிக்குச் சுற்றிலும் காற்று. நீர் அடியிலும் பக்கத்திலும் மேலேயும் போகும். எவ்வளவு போகும் என்பதைக் காற்றின் தாகம் தீர்மானிக்கிறது. 16 பாகையில் நிரம்பிய காற்றின் ஆவியமுக்கம் 1.8 கிலோபஸ்கால், 30 பாகையில் 4.2. ஈரப்பதன் இரண்டு இடத்திலும் 65 வீதம் என்று வைத்துக்கொண்டால், மலையில் காற்று இன்னும் கேட்கும் பங்கு 0.6, நாவுலவில் 1.5. அதே செடியிடமிருந்து அதே ஈரப்பதனில் இரண்டு மடங்குக்கு மேல் நீர் பறிபோகிறது. கச்சான் காற்று வீசும் ஆனி முதல் ஆவணி வரை ஈரப்பதனும் குறைந்து காற்றும் வேகம் பிடிக்கும்போது கணக்கே வேறு. அந்த மாதங்களில் நாவுலவில் லொபீலியாவைத் தொங்கவிடுவதே வேண்டாம் என்பது என் கட்சி.

சாடியின் அளவும் முக்கியம். 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள அரைக்கோளச் சாடியில் ஏழு லீற்றர் கலவை கொள்ளும். விட்டத்தை நாற்பதாக்கினால் கொள்ளளவு கிட்டத்தட்ட பதினேழு லீற்றர், அதாவது 2.4 மடங்கு. நீர் இழக்கும் மேற்பரப்போ 1.8 மடங்குதான் கூடுகிறது. பெரிய சாடி மெதுவாகக் காய்வதும், மெதுவாகச் சூடேறுவதும் இதனால்தான். கடைகளில் விற்கும் இருபது சென்ரிமீற்றர் பிளாஸ்டிக் சாடி, அதுவும் கறுப்பு நிறத்தில், இந்த ஊருக்குப் பொருந்தாது. தென்னந்தும்பு விரிப்புப் போட்ட கம்பிக் கூடை நல்லது. பக்கவாட்டில் நீர் ஆவியாவது இழப்புத்தான், ஆனால் அந்த ஆவியாதலே வேரைக் குளிர்விக்கிறது. லொபீலியாவுக்கு நீரைவிட வேர்க்குளிர்ச்சி அரிது. நீரை நாம் ஊற்றலாம்.

அடியில் ஓட்டுத் துண்டும் கல்லும் போட்டால் நீர் நன்றாக வடியும் என்று சொல்லிச் சொல்லி அது சட்டமாகிவிட்டது. சட்டம் தவறு. குளியலறைப் பஞ்சு ஒன்றை முழுக்க நனைத்துத் தட்டையாகப் பிடியுங்கள். சொட்டு நின்றதும் நிமிர்த்திப் பிடித்தால் மறுபடி சொட்டும். எவ்வளவு வடிந்தாலும் அடியில் ஓர் ஈரப் படை மட்டும் நிற்கும், அதன் உயரத்தைப் பஞ்சின் துளைகள் தீர்மானிக்கின்றன, பஞ்சின் உயரம் அல்ல. சாடியிலும் அப்படியே. அடியில் கல் போட்டால் அந்தச் சொதசொதப்பான படை கல்லுக்கு மேலே ஏறி வேரை நெருங்கும். வடிகால் வேண்டுமானால் கலவையைக் கரடாக்க வேண்டும், சாடியை ஆழமாக்க வேண்டும். அடிக்கல் இரண்டையும் செய்வதில்லை.

கலவைக்கான தும்புத்தூள் விடயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். பக்கத்துக் குருநாகல் மாவட்டம் தென்னை முக்கோணத்தின் ஒரு முனை. நன்கு பதப்படுத்திய தும்புத்தூள் தன் உலர்நிறையைப் போல ஏழெட்டு மடங்கு நீரைப் பிடிக்கும். ஐரோப்பியர் விரும்பும் பீற் எனும் சதுப்புக்கரி ஒருமுறை முற்றாகக் காய்ந்தால் நீரை உள்ளே விடாமல் தள்ளும், தும்புத்தூள் மறுபடி நனையும். வேலை முடிந்து மாலையில் வீடு திரும்பி, வாடிய சாடிக்கு நீர் ஊற்றுபவருக்கு இது பெரிய வசதி. குறை என்னவென்றால், உவர்நீரில் ஊறவைத்த பொச்சிலிருந்து வந்த தூளில் சோடியம் இருக்கும், பொற்றாசியமும் மிகையாக இருக்கும். கழுவாமல் பாவித்தால் நாற்றின் இலை விளிம்பு கருகும். நன்னீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும்.

நீரிலும் ஒரு சிக்கல். மாத்தளை மாவட்டத்தில் தொலமைற்றுப் பாறைகள் உண்டு. அப்படிப்பட்ட பாறைக்குள் இறங்கிய கிணற்று நீர் வன்னீர். அதைத் தொடர்ந்து ஊற்றும்போது கலவை மெல்லக் காரமாகும், இரும்பு கலவையில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதன் அடையாளம். பசளை போடவில்லையே என்று இன்னும் பசளை கொட்டுவது பயனில்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையைப் பீப்பாயில் பிடித்து ஊற்றினாலே பாதி சரியாகும். பசளையாக, கடையில் கிடைக்கும் அல்பேர்ட் கலவையைப் பைக்கற்றில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து இரு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் தாராளம். நைதரசன் கூடினால் தழை மட்டும் வரும்.

நாவுலவுக்கான நாட்காட்டி இந்தக் காரணங்களிலிருந்து தானாகவே வருகிறது. புரட்டாதிக் கடைசியில், நிழலில் விதைப்பு. விதைத்ததிலிருந்து பூவுக்குப் பன்னிரண்டு வாரமளவு ஆகும் என்பதால், மொட்டு மார்கழியில் வரும். கிழக்குப் பார்த்த விறாந்தை, காலை வெயில் மட்டும், பத்து மணிக்குப் பிறகு நிழல். தகரக் கூரைக்கு நேர்கீழே மாட்ட வேண்டாம், பகலின் சூட்டை அது மாலைவரை கீழே இறக்கிக்கொண்டிருக்கும். பூ ஓய்ந்ததும் செடியைப் பாதியாக வெட்டினால், குளிர் இன்னும் மிச்சமிருந்தால், மறுபடி தளிர்த்துப் பூக்கும். ‘லகூனா’ போன்ற வெக்கை தாங்கும் வகைகளும் உருவாக்கப்பட்டிருக்கின்றன. அவை விதையால் அல்ல, தண்டு நட்டுப் பெருக்கப்படுபவை. கிடைத்தால் முதல் தெரிவு அவைதான்.

தாவரங்களை உயரம் பார்த்துத் தெரிவு செய் என்ற அறிவுரை இந்நாட்டில் பழையது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் மேற்பார்வையாளராக இருந்த எச். எப். மக்மில்லன், 1910 இல் வெளியிட்ட தோட்டக் கையேட்டிலேயே தாழ்நிலம், இடைநிலம், மலைநாடு என்று பிரித்துத்தான் செடிகளைச் சொன்னார். 1861 இல் சிங்கோனா மரத்துக்காகத் தொடங்கிய ஹக்கலத் தோட்டம் பின்னர் குளிர்நாட்டுப் பூச்செடிகளின் இருப்பிடமானதும் அதே உயரத்தின் தயவால்.

சாடி பூத்துவிட்டால் ஒரு பூவைப் பறித்துக் கைக்கண்ணாடியில் பாருங்கள். மேலே இரண்டு சிறு இதழ், கீழே மூன்று அகன்ற இதழ், நடுவில் பெரும்பாலும் ஒரு வெள்ளைப் பொட்டு. உண்மையில் அந்தப் பூ தலைகீழாக நிற்கிறது. மொட்டாக இருக்கும்போதே காம்பு 180 பாகை முறுக்கிக்கொள்கிறது. அப்படித் திரும்பியதால்தான் அகன்ற மூன்று இதழும் கீழே வந்து பூச்சி இறங்கும் தளமாகின்றன. ஐந்து மகரந்தப்பைகளும் ஒட்டி ஒரு குழலாகி, மகரந்தத்தைக் குழலுக்குள்ளேயே கொட்டுகின்றன. அடியிலிருந்து வளரும் சூல்தண்டு அதை மேலே தள்ளி, வரும் பூச்சியின் முதுகில் பூசும். தன் மகரந்தம் எல்லாம் போன பிறகே சூல்முடி விரிந்து பிறர் மகரந்தத்தை ஏற்கும். டார்வின் தன் தோட்டத்தில் வளர்ந்த ஒரு லொபீலியாவில் இந்த அமைப்பைக் கவனித்து, 1859 இல் வெளியான தன் நூலில் எழுதியிருக்கிறார். அவர் தோட்டத்தில் அந்தப் பூவுக்குப் பூச்சி வரவில்லை, ஆகவே ஒரு விதைகூடப் பிடிக்கவில்லை. அவரே ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொன்றில் வைத்தபோது விதை ஏராளமாய் வந்தது. விறாந்தைக்குள் பூச்சி வராத சாடியிலும் இப்படியே விதை பிடிக்காமல் போகலாம். அதில் நமக்கு நட்டமில்லை, விதைக்குச் செலவாகாத சர்க்கரை அடுத்த மொட்டுக்குப் போகும்.

இலங்கையில் இயற்கையாக வளரும் லொபீலியாக்களும் உண்டு. மலைநாட்டுப் புல்வெளிகளில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து வெளிர்நிறப் பூ விடும் காட்டுப்புகையிலை அவற்றில் பெரியது. தாழ்நில வயல்களின் ஈரத்தில் சின்ன நீலப் பூவோடு படரும் இனமும் இருக்கிறது. ஒரே குடும்பப் பெயர், ஒன்று மலையுச்சிக்கு, ஒன்று வயலுக்கு. இந்தக் குடும்பத்தில் பலவற்றில் லொபலைன் போன்ற அல்கலொயிட்டுகள் உண்டு. குழந்தைகளும் ஆடும் கடிக்காத உயரத்தில் தொங்கவிடுவது அழகுக்காக மட்டுமல்ல.

மாசியோடு நாவுலவில் லொபீலியாவின் காலம் முடிகிறது. அதைப் பிடித்துவைக்க மல்லுக்கட்ட வேண்டாம். அதே கூடையில், அதே கலவையில், விஷ்ணுகிராந்தியை நடுங்கள். காலையில் விரிந்து வெயில் ஏறியதும் சுருங்கும் சின்ன நீலப் பூ, தரையில் படரும் தண்டு, கூடையில் வைத்தால் தானே கீழே வழியும். இலங்கையின் வறண்ட புல்தரைகளில் தானாக வளரும் செடி, வெம்மையான இரவு அதற்குப் புதிதல்ல. நாற்றுப்பண்ணைகளில் அதன் தென்னமெரிக்க உறவுச்செடியும் கிடைக்கும், பூ இன்னும் பெரிது. புரட்டாதி வரை கூடை நீலமாகவே இருக்கும்.